கிட்வாய் நகரில் சத்தமில்லாத கிட்டார்

தில்லி பஹார்கஞ்சில் ஒரு வெள்ளைக்காரன் ஊருக்குத் திரும்பும் அவசரத்தில் டேப் ரிக்கார்டரை விற்கிறான் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அதை வாங்கத்தான் போனேன். எழுபதுகளின் கடைசி. அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. ஒரு அமைச்சகத்தில் ஸ்டெனோ. சினிமாப் பாட்டு கேட்க ஒரு டேப் ரிக்கார்டர் வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

அவன் பிரெஞ்சுக்காரன். லாட்ஜின் மூன்றாவது மாடியில், சுவர் முழுக்க ஈரம் பூத்த ஒரு அறையில் இருந்தான். டேப் ரிக்கார்டர் கட்டிலின் மேல் இருந்தது. அவன் மடியில் ஒரு கிட்டார். அதன் நடுவிலிருந்த ஓட்டை வட்டமாக இல்லை, கோழிமுட்டையைப் போல இருந்தது. நான் டேப் ரிக்கார்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவன் வாசித்தான்.

நான் தலையைத் தூக்கி அறையைச் சுற்றிப் பார்த்தேன். தாளம் போடுகிறவன் எங்கே என்று தேடினேன். யாருமில்லை. ஒரே கை, ஒரே மரப்பெட்டி. ஆனால் ஓடும் குதிரைவண்டியில் உட்கார்ந்திருப்பது மாதிரி இருந்தது. நான் அதுவரை எந்த வாத்தியத்தையும் தொட்டவன் இல்லை.

"இது என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"ஜிப்ஸி ஜாஸ்" என்றான். அவன் நாட்டில் கூண்டு வண்டிகளில் ஊர் ஊராகப் போகிறவர்கள் வாசிப்பது என்றான். கிட்டாரையும் விற்பாயா என்று என் வாய் கேட்டுவிட்டது. அவன் என்னை ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு பக்கத்தில் உட்காரச் சொல்லி அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தான். இடது கையால் நாலு நரம்பைச் சேர்த்து அழுத்த வேண்டும். வலது கையால் நாலு அடி. ஒன்றும் மூன்றும் மெல்ல. இரண்டும் நாலும் வெட்டியது போல விழ வேண்டும். விழுந்த உடனே இடது கையைத் தளர்த்திச் சத்தத்தைக் கொன்றுவிட வேண்டும். வலது மணிக்கட்டைப் பிடித்து ஆட்டிக் காட்டினான். கை கழுவிவிட்டுத் தண்ணீரை உதறுவோமே, அப்படி. "வாசிக்காதே, உதறு" என்றான். எனக்கு ஒரு அடிகூட விழவில்லை. அவன் சிரித்தான். இரண்டுக்கும் காசை வாங்கிக்கொண்டு, ஒரு கேசட்டையும் நரம்பைத் தட்டும் ஒரு சின்னத் தகட்டையும் கையில் திணித்து அனுப்பிவிட்டான்.

கிட்வாய் நகர் போகும் பஸ்ஸில், கிட்டாரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு உறைத்தது: இதை எங்கே வைத்து வாசிப்பேன்?

நான் குடியிருந்தது என் வீடல்ல. எனக்குக் குவார்ட்டர்ஸ் கிடைக்கும் வரிசை இன்னும் பல வருஷம் தள்ளி இருந்தது. வேறொரு துறையில் யு.டி.சி. குமாஸ்தாவாக இருந்த ஒரு கும்பகோணத்துக்காரரின் அரசாங்க வீட்டில், முதல் மாடியில், முன்னறை எனக்கு. அவரும் அவர் மனைவியும் உள்ளறையில். அவரை நான் எங்கள் திருநெல்வேலி வழக்கப்படி அண்ணாச்சி என்று கூப்பிடுவேன்; அவர் மனைவியை அக்கா. அக்காவுக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும்.

அரசாங்க வீட்டில் வெளியாளை வாடகைக்கு வைப்பது குற்றம். பிடிபட்டால் வீடு போகும், வேலையிலும் கறுப்புப் புள்ளி விழும். பாதிப் பேர் வைத்திருந்தார்கள், அத்தனை பேரும் பயந்துகொண்டே வைத்திருந்தார்கள். நான் குடிவந்த அன்றே அண்ணாச்சி கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "யார் கேட்டாலும் நீ என் மச்சினன். இவளோட தம்பி. புரியுதாப்பா? வாயை அதிகம் தொறக்காத."

கிட்டாரைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"இது சத்தம் போடுமா?"

"போடும், அண்ணாச்சி."

"அப்ப வேணாம். திருப்பிக் குடுத்துடு."

"அவன் நாளைக்குக் காலைல பஸ் ஏறுதான், அண்ணாச்சி."

அவர் கட்டிலில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்தார். அக்கா உள்ளே போய் ஒரு பழைய துவாலையைக் கொண்டுவந்து, என்னைக் கேட்காமலே, மடித்து நரம்புகளுக்கு அடியில் செருகினாள். விரலால் ஒரு நரம்பைச் சுண்டினாள். தகரத்தில் அரிசி விழுந்தது மாதிரி ஒரு சத்தம் வந்து நின்றது. "இது கேக்காது. சாயங்காலம் ஆறுலேர்ந்து ஏழு வரைக்கும் வாசிக்கட்டும், ஜன்னலைச் சாத்திட்டு" என்றாள். அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஏழு அடிக்கும்வரை வாசல் கதவுக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு மட்டுமல்ல, அதற்குப் பிறகு எல்லா நாளும்.

மே மாத தில்லியில் ஜன்னலைச் சாத்திவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. வியர்வையில் விரல் வழுக்கும். எஃகு நரம்பு விரல் நுனியை அறுக்கும். மறுநாள் டைப்ரைட்டரில் இடது கை விரலை வைத்தால் உயிர் போகும். அதிகாரி டிக்டேஷன் கொடுக்கும்போது பென்சில் தானாக மேஜையில் இரண்டையும் நாலையும் தட்டும். அவர் நிறுத்திவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார்.

கேசட்டில் வாசித்தவர்களின் வேகம் என் காதுக்குள் நிற்கவே இல்லை. அதற்கு ஒரு வழி தற்செயலாகக் கிடைத்தது. பேட்டரி தீரும்போது டேப் ரிக்கார்டர் களைத்துப்போய் மெதுவாகச் சுற்றும். பாட்டு பாதி வேகத்தில், கிணற்றுக்குள் இருந்து வருவது போல வரும். அப்போது ஒவ்வொரு அடியும் தனித்தனியாகத் தெரியும். சுருதி இறங்கிவிடும், நானும் நரம்புகளைத் தளர்த்திக்கொள்வேன். அதற்குப் பிறகு செத்த பேட்டரிகளை நான் தூக்கிப் போடவே இல்லை. அவன் தந்த சின்னத் தகடு தொலைந்ததும், பழைய கோட்டிலிருந்து ஒரு பெரிய பித்தானைப் பிய்த்து அதைக் கொண்டு தட்டினேன். தகட்டைவிட அது நன்றாகவே விழுந்தது.

அக்கா சின்ன வயதில் பாட்டு கற்றவள். சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டே இருப்பாள் போலிருக்கிறது. ஒரு நாள் கரண்டியோடு வந்து நின்றாள்.

"நீ தப்புத் தப்பா அடிக்கிற."

"எங்க?"

"அடி ஒண்ணுல விழணும். நீ ஒண்ணை விட்டுட்டு ரெண்டுல அடிக்கிற."

"அதுதான் இதுல முறை, அக்கா."

அவள் நம்பவில்லை. கேசட்டைப் போடச் சொன்னாள். தொடையில் ஆதி தாளம் போட்டுப் பார்த்தாள், நிறுத்தினாள், திரும்பப் போட்டாள். "என்ன சங்கீதம் இது, தலையை விட்டுட்டு வாலைப் பிடிச்சிட்டு ஓடுது" என்றாள். பிறகு யோசித்து, "சரி, வாலைத்தான் பிடிக்கிறன்னா ஒழுங்காப் பிடி. நாலு ஆவர்த்தம் தாண்டினா ஓட ஆரம்பிச்சிடுற. பயந்தவன் மாதிரி" என்றாள்.

அவள் சொன்னது உண்மை. நான் பயந்தவன்தான். வாசல் பக்கம் நாற்காலி கிரீச்சிட்டால் என் தோள் இறுகும். தோள் இறுகினால் மணிக்கட்டு இறுகும். உதறுவது போய் அடிப்பதாகிவிடும். சீக்கிரம் முடித்துவிடலாம் என்று கை தானாக ஓடும்.

நாலைந்து மாதம் கழித்துக் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்தார். அவரும் தமிழர்தான், மதுரைப் பக்கம். அதிகம் பேசாதவர். மாடிப்படியில் எதிர்ப்பட்டால் தலையை மட்டும் அசைப்பார்.

"மேல யாரு சார் இடிக்கிறது? தெனமும் சாயங்காலம் டம்மு டம்முன்னு. எம் பொண்ணுக்கு போர்டு எக்ஸாம் வருது."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நாங்கள் மூவருமே கிட்டாரைத்தான் நினைத்தோம். கிட்டாரில்லை. என் கால். வாசிக்கும்போது என் வலது குதிகால் தரையில் தாளம் போட்டிருக்கிறது. துவாலை நரம்பை அடக்கியது, காலை யார் அடக்குவது?

"மச்சினன் வந்திருக்கான், சார். சொல்லிடறேன்" என்றார் அண்ணாச்சி. கீழ்வீட்டுக்காரர் என்னையே பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என் ஊர் வெளியே வந்துவிடும்.

அன்றிலிருந்து கட்டிலில் சம்மணம் போட்டு வாசித்தேன். கால் கட்டுப்பட்டதும் தாளம் சுத்தமாகப் போய்விட்டது. நாலு மாதம் கற்றதை ஒரே நாளில் இழந்தவன் போல உட்கார்ந்திருந்தேன். திரும்ப முதலிலிருந்து, வாய்க்குள் எண்ணிக்கொண்டு ஆரம்பித்தேன்.

குளிர் தொடங்கும்போது ஒரு பேச்சு பரவியது. இரண்டு பிளாக் தள்ளி ஒரு வீட்டுக்கு அரசாங்க ஆள் வந்து சோதனை போட்டு, வாடகைக்கு இருந்தவன் பெட்டியோடு பிடிபட்டானாம். வீட்டை ரத்து செய்துவிட்டார்களாம். அண்ணாச்சி சாப்பிடும்போது பாதியில் எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வருவார். அக்கா வேறு வழியில் தயாரானாள். எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள்.

"'வாரேன்' இல்ல. 'வர்றேன்'. சொல்லு."

"வர்றேன்."

"'அங்கன' இல்ல, 'அங்க'. அவரை அண்ணாச்சிங்காத. என் தம்பின்னா அவரை அத்தான்னுதான் கூப்பிடணும்."

கூப்பிட்டுப் பார்த்தேன். அடுத்த வீட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டது மாதிரி இருந்தது. அண்ணாச்சிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த மாதம் முழுக்க அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை பதினொரு மணி இருக்கும். அண்ணாச்சி ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குத் தேங்காயும் முருங்கைக்காயும் வாங்கப் போயிருந்தார். அக்கா குக்கர் வைத்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள்தான் முதன்முறையாக ஒரு பாட்டின் எல்லாப் பிடிகளும் தடுக்காமல் கைக்கு வந்திருந்தன. அது நிஜத்தில் எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும் போலிருந்தது. எட்டு மாதமாக நான் என் கிட்டாரைக் கேட்டதே இல்லை. ஒரே ஒரு சுற்று என்று நினைத்துத் துவாலையை உருவினேன்.

வாசித்தேன். அறை அதிர்ந்தது. என் விலா எலும்பில் அந்த மரம் நடுங்கியது தெரிந்தது. இரண்டு, நாலு, இரண்டு, நாலு. சுற்று முடிந்தது, நான் நிறுத்தவில்லை. இரண்டாவது சுற்றின் நடுவில் கதவு தட்டப்பட்டது.

அண்ணாச்சிதான் என்று நினைத்துக் கிட்டாரும் கையுமாகத் திறந்தேன். இரண்டு பேர். ஒருவர் கையில் பெரிய ரெஜிஸ்டர். வயதானவர் கழுத்தில் மஃப்ளர்.

"கௌன் பஜா ரஹா தா?" வாசித்தது யார் என்று கேட்டார், என் கையிலேயே பார்த்துக்கொண்டு.

அக்கா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி வந்தாள். ஒரு நொடிதான் அவள் கண் விரிந்தது. "மேரா பாயி ஹை. ஊர்லேர்ந்து, காவ்ஸே ஆயா ஹை" என்று, என் தம்பி என்பதை இந்தியும் தமிழுமாகச் சொன்னாள்.

அவர்கள் உள்ளே வந்தார்கள். மஃப்ளர்காரர் நிதானமாகப் பார்த்தார். கட்டில். டிரங்குப் பெட்டி. ஆணியில் தொங்கிய என் அலுவலகச் சட்டைகள் நாலு. ஜன்னல் ஓரத்தில் சவரக் கத்தியும் பிரஷ்ஷும். விருந்தாளிக்கு இவ்வளவு சாமானா என்று கேட்டார். "வேலை தேடி வந்திருக்கான்" என்றாள் அக்கா. என் அலுவலக அடையாள அட்டை அந்தச் சட்டைகளில் ஒன்றின் பையில் இருந்தது. அவர் கை அந்தப் பக்கம் நீண்டதா, சுவரில் சாய்ந்தாரா என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. சமையலறையில் குக்கர் விசில் அடித்தது.

கீழ்வீட்டில் யார் என்று ரெஜிஸ்டர்காரரிடம் கேட்டார் அவர். மதராஸி என்று பதில் வந்தது. கூப்பிடு என்றார்.

கீழ்வீட்டுக்காரர் ஸ்வெட்டரோடு வந்து வாசலில் நின்றார். கிட்டாரைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். அத்தனை மாதமாகத் தன் தலைக்கு மேல் இடித்தது எது என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"இவனைத் தெரியுமா? இந்த அம்மாவின் தம்பியா?" என்று மஃப்ளர்காரர் இந்தியில் கேட்டார்.

அவர் பதில் சொல்ல வாயெடுத்த அந்த நேரத்தில் படியில் செருப்புச் சத்தம். அண்ணாச்சி, தோளில் பையோடு. பைக்கு வெளியே முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்தது. எங்கள் ஐந்து பேரையும் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டார். அந்த முகத்தைப் பார்த்த பயத்தில் அக்கா சொல்லிக்கொடுத்த அத்தனையும் எனக்கு மறந்துபோயிற்று.

"அண்ணாச்சி, வந்துட்டியளா" என்றேன்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

மஃப்ளர்காரருக்குச் சொல் புரியவில்லை. ஆனால் ஏதோ நடந்தது என்று மட்டும் புரிந்திருக்கிறது. கீழ்வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "க்யா போலா?" என்றார், என்ன சொன்னான் என்று.

கீழ்வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். என் கையிலிருந்த கிட்டார் மெல்ல முனகியது. என் விரல் நரம்பில் உரசியிருக்கிறது.

"ஜீஜாஜி, ஆ கயே க்யா, அப்படின்னு கேட்டான்" என்று இந்தியில் சொன்னார். அக்காள் கணவரைக் கூப்பிடும் சொல். "இந்த அம்மாவின் தம்பிதான். எனக்குத் தெரியும்."

ரெஜிஸ்டரில் ஏதோ எழுதிக்கொண்டார்கள். எப்போது ஊருக்குப் போகிறான் என்று கேட்டார்கள். இந்த மாதக் கடைசியில் என்றார் அண்ணாச்சி, குரல் எழும்பாமல். அவர்கள் இறங்கிப் போனார்கள்.

கீழ்வீட்டுக்காரர் என்னைப் படி வரைக்கும் கூப்பிட்டார்.

"திருநெல்வேலில எந்தப் பக்கம்?"

"அம்பாசமுத்திரம்."

"ம். மொட்டைக் கடுதாசி வந்தாத்தான் இவங்க வருவாங்க. போட்டது நானில்ல. ஆனா ரெண்டு தடவை பேனாவை எடுத்திருக்கேன். இன்னிக்குப் பொய் சொன்னது அந்த அம்மா முகத்துக்காக. உனக்காக இல்ல. மாசக் கடைசியில கெளம்பிரு."

"சரிங்க" என்றேன். அவர் இரண்டு படி இறங்கி, திரும்பி, "பாத்து" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எதைப் பார்க்கச் சொன்னார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

உள்ளே வந்தபோது அண்ணாச்சி பையைக்கூட இறக்காமல் உட்கார்ந்திருந்தார். துவாலை கட்டிலின் மேல் கிடந்தது. அவர் அதைப் பார்த்தார். நான் என்ன செய்தேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. திட்டுவார் என்று நின்றேன். அன்று முழுக்க யாரும் பேசவில்லை. அதைவிட அவர் அடித்திருக்கலாம்.

லாஜ்பத் நகரில் ஒரு மொட்டைமாடி அறை கிடைத்தது. கிளம்புவதற்கு முந்தின மதியம் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி வந்து வாசல் கதவைத் தாழிட்டார். தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து என் கட்டிலுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"துணியில்லாம வாசி. கீழ அவங்க கோயிலுக்குப் போயிருக்காங்க."

"வேண்டாம், அண்ணாச்சி."

"எட்டு மாசமா இதுக்குக் காவல் உக்காந்திருக்கேன். என்னன்னு தெரிய வேணாமா எனக்கு?"

வாசித்தேன். கை சொன்னபடி கேட்கவில்லை. தோள் இறுகிப்போய், நாலாவது வரியிலேயே ஓட ஆரம்பித்துவிட்டேன். அக்கா நிலைப்படியில் சாய்ந்து நின்று, எதுவும் சொல்லாமல், சுவரில் விரலால் தட்டினாள். ரெண்டு, நாலு. ரெண்டு, நாலு. அவள் விரலைப் பார்த்துக்கொண்டே கையைப் பிடித்து நிறுத்திக் கடைசி வரை கொண்டுபோனேன்.

அண்ணாச்சி "இதுக்குத்தானா?" என்றார். கேலியில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது போலிருந்தது.

"ஆமா."

"எனக்குப் புரியல. ஆனா நல்லா வேகமா இருக்கு" என்றார்.

மொட்டைமாடியில் யாருக்கும் நான் தொந்தரவில்லை. ஆனாலும் முதல் இரண்டு மாதம் சத்தமாக வாசிக்கவே வரவில்லை. கை அடங்கி அடங்கியே பழகியிருந்தது. கீழே தெருவில் யாராவது நின்றால்கூட விரல் தானாகத் தளர்ந்துவிடும். அது மாற ஒரு வருஷம் ஆயிற்று.

பிப்ரவரியில் அண்ணாச்சிக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது என்று கேள்விப்பட்டேன். நானே போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன். அது அவரைத்தான் சிக்க வைக்கும் என்று விட்டுவிட்டேன். ஏப்ரல் வரை சரியாகத் தூங்கவில்லை. ஒரு நாள் மதிய உணவு நேரத்தில் அவரே என் அலுவலக வாசலில் வந்து நின்றார். கொஞ்சம் இளைத்திருந்தார்.

"முடிஞ்சிருச்சு. எச்சரிக்கை குடுத்து விட்டுட்டாங்க. வீடு இருக்கு."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையை ஆட்டி நிறுத்தினார். இருவரும் பக்கத்து மரத்தடிக் கடையில் டீ குடித்தோம். வெயில் சுரீரென்று ஏறிக்கொண்டிருந்தது. அலுவலகத்தைப் பற்றி, பஸ்ஸைப் பற்றி, முருங்கைக்காய் இந்த வருஷம் சரியில்லை என்பதைப் பற்றிப் பேசினார். கிளாஸை வைத்துவிட்டுக் கிளம்பும்போது, "அடுத்த ஞாயிறு சாப்பிட வா. அவ மோர்க்குழம்பு வைக்கிறாளாம்" என்றார்.